யோகம், குறி, சுய குணமாக்கல்: மூன்றையும் சேர்த்துச் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காலையில் ஆசனம், மனம் குழம்பும்போது குறி பார்க்க ஒரு சீட்டு, இரவில் உடம்பின் மேல் கைவைத்துச் சற்று நேரம் அமைதி. இப்படி மூன்றையும் கலந்து தங்களுக்கென ஒரு சாதனையை, அதாவது பயிற்சிமுறையை, அமைத்துக்கொண்டவர்கள் இன்று ஏராளம். யோகம் பயில வருபவர்கள் வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஆசனம், சீட்டு, கைவைத்துக் குணப்படுத்தும் ரெய்கி எல்லாம் வெவ்வேறு மரபுகள். இவற்றை ஏன் ஒன்றாகச் சேர்க்க வேண்டும்?

சேர்த்தே ஆக வேண்டும் என்றில்லை. யோகம் மட்டும் போதும் என்பவருக்கு அதுவே போதும். ஆனால் சேர்ப்பதற்கும் ஒரு நியாயம் உண்டு. பதஞ்சலியின் யோக சூத்திரம், முதல் பாதத்தின் (அத்தியாயத்தின்) 30-ஆவது சூத்திரத்தில், மனத்தைச் சிதறடிக்கும் ஒன்பது தடைகளை வரிசைப்படுத்துகிறது. முதலாவது வியாதி. மூன்றாவது சம்சயம்: இதுவா, அதுவா என்று ஊசலாடும் ஐயம். ஏழாவது பிராந்தி தரிசனம்: ஒன்றை வேறொன்றாகக் காணும் மயக்கம். இந்தத் தடைகளோடு கூடவே வருபவை துன்பம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், நிலைகெட்ட மூச்சு என்று அடுத்த சூத்திரம் சொல்கிறது.

குறி கேட்கத் தூண்டுவது ஐயம். கைவைத்துக் குணப்படுத்திக்கொள்ளத் தூண்டுவது வலியோ நோயோ. இரண்டு வேளையிலும் மூச்சு முதலில் கெட்டிருக்கும். அதனால்தான் மூன்றையும் இணைக்க விரும்புபவர்களிடம் நான் மூச்சிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். யோகம் அடித்தளம். குறி, கேள்வியைத் தெளிவாக்கிக்கொள்ள உதவும் கருவி. சுய குணமாக்கல், உடம்பைப் பரிவோடு கவனிக்கும் பழக்கம். இந்த வரிசை தலைகீழாகி, சீட்டு சொல்வதற்கேற்ப மூச்சும் மருந்தும் வாழ்க்கையும் நடக்கத் தொடங்கினால், நாம் போய் நிற்பது அந்த ஏழாவது தடையில்தான்.

ஒரே அமர்வில் மூன்றையும் செய்வதென்றால் எதை முதலில் செய்வது?

மூச்சு, பிறகு கேள்வி, கடைசியில் கை.

முதலில் முதுகையும் இடுப்பையும் தளர்த்தும் இரண்டு மூன்று எளிய ஆசனங்கள். பிறகு வசதியாக உட்கார்ந்து, வெளிமூச்சு உள்மூச்சைவிடச் சற்று நீளமாக இருக்கும்படி மெதுவாகச் சுவாசியுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். எண்ணுவது பிடிக்காதவர்கள் மந்திரமோ பிரார்த்தனையோ சொல்லலாம். அதுவும் மூச்சைத் தானாக ஒழுங்குபடுத்தும். லூசியானோ பெர்னார்டி என்ற இத்தாலிய மருத்துவரும் அவர் குழுவினரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், லத்தீன் மொழியில் ஜெபமாலை சொன்னபோதும் 'ஓம் மணி பத்மே ஹூம்' என்று ஜெபித்தபோதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 என்ற அளவுக்கு இறங்கியதைக் கண்டார்கள். அந்த வேகத்தில் இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கமும் ரத்த அழுத்தத்தின் ஏற்ற இறக்கமும் ஒரே தாளத்தில் சேர்ந்துகொண்டன. இரண்டு வேறு மரபுகள், நுரையீரலுக்குக் கொடுத்த வேலை ஒன்று.

மூச்சு அடங்கிய பிறகு கேள்வியை ஒரு காகிதத்தில் எழுதுங்கள். இங்கேயே பலருக்கு ஒன்று நடக்கிறது: எழுதிப் பார்த்ததும் கேட்க வந்த கேள்வி அதுவல்ல என்று தெரிந்துவிடுகிறது. அப்படித் தெரிந்தால் அன்று சீட்டை எடுக்காமலே விட்டுவிடலாம். கேள்வி இன்னும் நிற்கிறது என்றால் எடுங்கள், பாருங்கள், நான்கைந்து வரிகள் எழுதுங்கள், மூடி வையுங்கள். அதன்பின் படுத்து, உடம்பின் மேல் கைவைத்து ஓய்வெடுங்கள். குறி பார்த்ததும் நேராக எழுந்து வேலைக்குப் போனால் அதன் பதற்றம் நாள் முழுவதும் கூடவே வரும். கடைசியில் வரும் அந்த ஓய்வுதான் அதைக் கரைக்கிறது.

தினமும் எவ்வளவு நேரம்?

மூச்சும் ஓய்வும் தினமும், கால் மணி நேரமானாலும் சரி. குறி தினமும் வேண்டாம்.

யோக சாஸ்திரம் குறி பார்ப்பதை ஏற்கிறதா?

யோக சூத்திரத்தின் மூன்றாம் பாதமான விபூதி பாதம், சாதனை முதிரும்போது வரக்கூடிய ஆற்றல்களைப் பேசுகிறது. கடந்ததையும் வரப்போவதையும் அறிவதும் அவற்றில் ஒன்று. ஆனால் அதே பாதம், இவை வெளிமுகமான மனத்துக்குச் சித்திகள், சமாதிக்கோ இடையூறுகள் என்றும் சொல்லிவிடுகிறது. முன்னறிவு என்று ஒன்று வந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு உட்காராதே என்பதுதான் அறிவுரை. இங்கே பேசப்படுவது சீட்டோ சோழியோ இல்லை, ஒருமுகப்பட்ட மனம். யோக மரபே சீட்டு பார்க்கச் சொல்கிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நாம் இரண்டையும் இணைப்பது நம் காலத்து விருப்பம். அதை அப்படியே ஒப்புக்கொண்டு செய்வது நல்லது.

என் மதம் குறி கேட்பதைத் தடை செய்கிறது. நான் என்ன செய்ய?

தடையை மதியுங்கள். பைபிளின் உபாகமம் 18-ஆம் அதிகாரம் குறி பார்ப்பதை விலக்குகிறது. அம்புகளைக் கொண்டு குறி பார்ப்பதைக் குர்ஆன் விலக்குகிறது. பிரம்மஜால சுத்தம் என்ற பௌத்த நூலில் புத்தர், குறி சொல்லிப் பிழைப்பதைத் துறவிக்கு ஆகாத தொழில் என்கிறார். மனசாட்சி உறுத்தும் ஒன்றைச் செய்து மன அமைதி தேட முடியாது. கேள்வியை எழுதிவைத்து, உங்கள் மரபின் பிரார்த்தனையில் அமருங்கள். இங்கே சொல்லப்படும் மற்றவை அனைத்தும் அப்படியே பொருந்தும்.

டாரோ, ஐ சிங், ஊசல், சோழி: எதைத் தேர்ந்தெடுப்பது?

உங்களை யோசிக்க வைப்பதை. வெறும் 'ஆம், இல்லை' சொல்வதைத் தவிர்த்துவிடுங்கள்.

டாரோவில் 78 சீட்டுகள்: பெரிய தொகுதி 22, சிறிய தொகுதி 56. பண்டைய எகிப்தின் ரகசிய ஞானம் என்ற கதை 1781-இல் பிரான்சில் கூர் தெ ஜெபலின் என்பவர் எழுதியதிலிருந்து பரவியது. அதற்கு வரலாற்று ஆதாரம் இல்லை. 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகப் பிறந்ததுதான் டாரோ. இன்று பெரும்பாலானோர் கையில் இருப்பது, 1909-இல் லண்டனில் வெளியான, பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த சீட்டுக்கட்டு அல்லது அதன் வழிவந்தவை. சிறிய தொகுதிச் சீட்டுகளிலும் மனிதர்களையும் காட்சிகளையும் அவர் வரைந்ததால், சீட்டைப் பார்த்தவுடன் மனம் கதை சொல்லத் தொடங்கிவிடுகிறது. தொடங்குபவர்களுக்கு அது எளிது.

சீனத்துப் பழைய குறி நூலான ஐ சிங் வேறு வகை. மூன்று நாணயங்களை ஆறு முறை போட்டு, கீழிருந்து மேலாக ஆறு கோடுகள் கட்டி, 64 உருவங்களில் ஒன்றை அடைந்து, அதற்குரிய பகுதியைப் படிக்க வேண்டும். நிதானமானவர்களுக்கு ஏற்றது. நாணயம் போடும் நேரமே மனத்தை நிறுத்துகிறது.

நூலில் தொங்கும் ஊசலைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் யூஜின் செவ்ரெல் இதைத் தானே சோதித்து 1833-இல் எழுதினார். பாதரசத்தின் மேல் ஊசலைப் பிடித்தபோது அது ஆடியது. கண்ணைக் கட்டிக்கொண்டபோது ஆட்டம் நின்றது. பிடித்திருக்கும் கை, தனக்கே தெரியாமல், மனம் எதிர்பார்க்கும் திசையில் அதை அசைக்கிறது. ஊசல் காட்டுவது உங்கள் விருப்பத்தையோ பயத்தையோதான். இதைத் தெரிந்துகொண்டு 'நான் எதை விரும்புகிறேன்?' என்று அறியப் பயன்படுத்தினால் குற்றமில்லை. மருந்தையும் உணவையும் அதைக் கொண்டு தேர்ந்தெடுப்பது ஆபத்து.

சீட்டு உண்மையிலேயே எதிர்காலத்தைச் சொல்லுமா?

சொல்லும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. 'ஆனால் எனக்கு அப்படியே பலித்ததே!' என்பவர்களுக்கு ஒரு பழைய சோதனையைச் சொல்வேன். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் மாணவர்களுக்கு ஒரு தேர்வு வைத்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் குணத்தை விளக்கும் குறிப்பு என்று ஒரு தாளைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4-க்கு மேல் வந்தது. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதிலிருந்த வாக்கியங்களில் பலவற்றை அவர் கடையில் விற்ற ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார்.

பொதுவான வாக்கியத்தில் தன் வாழ்க்கையைக் கண்டுபிடிக்கும் திறமை நம் எல்லோருக்கும் உண்டு. ஏமாறுவதும் அதனால்தான், பயன் பெறுவதும் அதனால்தான். சீட்டில் எதைக் கண்டீர்களோ அது உங்களிடமிருந்து வந்தது. அதனால் அது கவனிக்கத் தக்கது.

கேள்வியை எப்படிக் கேட்பது?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நிதானமாகப் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். 'நடக்குமா?', 'எப்போது?', 'அவர் மனத்தில் என்ன இருக்கிறது?' என்ற மூன்று வகைக் கேள்விகளையும் தவிருங்கள். முதல் இரண்டும் உங்களைக் காத்திருக்க வைக்கும். மூன்றாவது அடுத்தவர் மனத்துக்குள் அனுமதியின்றி நுழைவது. அவரிடமே கேட்க வேண்டியதைச் சீட்டிடம் கேட்பது. 'நான் எதைப் பார்க்கத் தவறுகிறேன்?', 'இந்த வாரம் நான் செய்யக்கூடிய ஒரு காரியம் என்ன?' என்று, நீங்கள் கைவைக்கக்கூடிய இடத்தில் கேள்வியை நிறுத்துங்கள்.

வேலையில் நொந்துபோன ஒரு பெண், 'எனக்கு இங்கிருந்து எப்போது விடுதலை?' என்று கேட்டு ஒரு சீட்டை எடுத்தார். வந்தது வாள்களின் எட்டு. கண்ணும் கையும் கட்டப்பட்ட ஒரு பெண், சுற்றிலும் மண்ணில் நட்ட எட்டு வாள்கள், தூரத்தில் குன்றின் மேல் ஒரு கோட்டை. பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது. 'இன்னும் நன்றாகப் பாருங்கள்' என்றேன். வெகு நேரம் பார்த்தார். 'கால் கட்டப்படவில்லை' என்றார். பிறகு, 'முன்பக்கம் வாளே இல்லை' என்றார். காகிதத்தில் முதல் கேள்வியை அடித்துவிட்டு, 'நான் நடந்துபோகக்கூடிய பக்கம் எது?' என்று எழுதினார். அன்று அவர் எந்த முடிவும் எடுக்கவில்லை. வேலை நேரத்தைப் பற்றி மேலதிகாரியிடம் இதுவரை கேட்காமலே இருந்த விஷயங்களைக் குறித்துக்கொண்டு போனார். அந்தச் சீட்டு அவருக்கு எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பார்க்க வைத்தது.

வந்த பதில் பிடிக்கவில்லை. இன்னொரு முறை எடுக்கலாமா?

வேண்டாம். ஐ சிங்கின் நான்காவது உருவம், இளம் பருவத்து அறியாமை, இதைப் பற்றியேதான் பேசுகிறது: முதல் முறை கேட்டால் பதில் உண்டு, இரண்டு மூன்று முறை கேட்டால் அது தொந்தரவு, பதில் கிடையாது. மறுபடி எடுக்கக் கை துடித்தால் அந்தத் துடிப்பே உங்களுக்கான செய்தி. மனம் ஏற்கெனவே ஒரு பதிலை விரும்பிவிட்டது. எதை விரும்பியது என்று எழுதிவிட்டு எழுந்துவிடுங்கள். அதே கேள்வியை, சூழ்நிலையில் ஏதாவது மாறினால் மட்டும் திரும்பக் கேளுங்கள்.

'மரணம்' சீட்டு வந்துவிட்டது. தூக்கமே வரவில்லை.

யாரும் சாகப்போவதில்லை. சீட்டுக்கட்டில் உள்ள எந்தச் சீட்டும் வந்தாக வேண்டியதுதான். 78-இல் ஒன்று வந்திருக்கிறது, அவ்வளவே. டாரோ படிப்பவர்கள் 13-ஆம் எண் சீட்டை ஒரு கட்டம் முடிவதாகவே வழக்கமாகக் கொள்கிறார்கள். 1909-ஆம் ஆண்டுச் சீட்டுக்கட்டில் அந்தப் படத்தின் பின்னணியில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன் இருக்கிறது. பயத்தில் அது யார் கண்ணிலும் படுவதில்லை. இன்றிரவு மீதியுள்ள சீட்டுகளைத் தொடாமல், விளக்கை அணைத்து, வெளிமூச்சை நீட்டி விடுங்கள். இப்படிப்பட்ட சீட்டு ஒவ்வொரு முறையும் உங்களை உலுக்குகிறது என்றால், குறி பார்க்கும் பழக்கம் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. விட்டுவிடுவதில் குறைவொன்றும் இல்லை.

ரெய்கி போன்ற முறைகள் நோயைக் குணப்படுத்துமா?

ரெய்கியைத் தொடங்கியவர் ஜப்பானின் மிகாவோ உசுயி. 1922-இல் குராமா மலையில் உபவாசமிருந்து இதைக் கண்டடைந்தார் என்று அந்த மரபில் சொல்கிறார்கள். கைகளின் வழியே உயிராற்றல் பாய்கிறது என்பது அவர்களின் நம்பிக்கை. அந்த ஆற்றலை இதுவரை யாரும் அளந்து காட்டியதில்லை. அதே வேளையில், கண்ணை மூடிப் படுத்து, கதகதப்பான கையை மார்பின் மேல் வைத்து அமைதியாக இருந்தால் தசைகள் தளர்வதும், பதற்றம் தணிவதும், தூக்கம் எளிதாவதும் யாரும் அனுபவித்துப் பார்க்கக்கூடியவை. அது போதுமான நன்மை. அதற்கு மேல் வாக்குக் கொடுப்பவரிடமிருந்து விலகுங்கள்.

ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, வலிப்பு, மனநோய் என எதற்கான மருந்தையும் சீட்டு சொன்னது, குரு சொன்னார், உடம்பு லேசாக இருக்கிறது என்ற காரணங்களுக்காக நிறுத்தாதீர்கள். நெஞ்சுவலி, திடீரென ஒரு பக்கக் கையோ காலோ முகமோ செயலிழப்பது, காரணமில்லாத ரத்தப்போக்கு, புதிதாகத் தட்டுப்படும் கட்டி, காரணமின்றி எடை குறைவது: இவற்றுக்குத் தியானம் செய்யும் நேரம் இல்லை. முதல் இரண்டுக்கும் அந்த நிமிடமே அவசர சிகிச்சைக்குப் போங்கள். மற்றவற்றுக்கும் காலம் கடத்தாமல் மருத்துவரைப் பாருங்கள். நோய் யாருடைய எதிர்மறை எண்ணத்தின் தண்டனையும் இல்லை. அப்படிச் சொல்லி நோயாளியைக் குற்றவாளியாக்கும் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

வீட்டில் தானே செய்துகொள்ளக்கூடிய எளிய முறை ஒன்று சொல்லுங்கள்.

மல்லாந்து படுத்து, முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வையுங்கள். இடுப்பு தரையில் நன்றாகப் படியும். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, குழித்து, மூடிய கண்களின் மேல் வையுங்கள். விழியை அழுத்தக் கூடாது. கையின் விளிம்பு நெற்றியிலும் கன்ன எலும்பிலும் தங்கட்டும். வெளிச்சம் முழுவதும் மறைந்ததும் கண்ணுக்குப் பின்னால் ஒரு தளர்ச்சி தெரியும், தாடை தானாகவே சற்றுத் திறக்கும். அதற்குப் பிறகு ஒரு கையை மார்பிலும் மற்றதை வயிற்றிலும் வையுங்கள். எந்தக் கை அதிகம் ஏறி இறங்குகிறது என்று மட்டும் பாருங்கள். பதற்றமுள்ள நாளில் மார்பின் மேலுள்ள கைதான் ஏறும். திருத்த முயல வேண்டாம். வெளிமூச்சு நீள நீள வயிறு வேலையை எடுத்துக்கொள்ளும்.

வலியுள்ள இடம் இருந்தால் கடைசியாக அங்கே கை போகட்டும். 'போய்விடு' என்று கட்டளையிடாமல், அங்கே சூடா, குத்தலா, இறுக்கமா என்று கவனியுங்கள். உசுயியின் மரபில் 'இன்று மட்டும் கோபப்படாதே, இன்று மட்டும் கவலைப்படாதே' என்று தொடங்கும் ஐந்து நெறிகள் உண்டு. அந்த 'இன்று மட்டும்' எனக்கு மிகவும் பிடித்தது. உறக்கம் வந்தால் உறங்கிவிடுங்கள்.

மூச்சுப் பயிற்சியில் யார் கவனமாக இருக்க வேண்டும்?

கர்ப்பிணிகளும், உயர் ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம், வலிப்பு உள்ளவர்களும் கபாலபாதி, பஸ்திரிகா என்ற வேகமான மூச்சுப் பயிற்சிகள், நீண்ட கும்பகம் (மூச்சை அடக்குவது) ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் உள்ளவர்கள் தலைகீழ் ஆசனங்கள் செய்யக் கூடாது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். மெதுவான இயல்பு மூச்சு பெரும்பாலும் எல்லோருக்கும் ஏற்றது. தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

தியானத்தில் காரணமில்லாமல் அழுகை வருகிறது. சில நேரம் பயமும் வருகிறது.

அழுகை வந்து போனால் போகட்டும், தேக்கிவைத்தது வடிகிறது. பயம் வேறு. கண்ணைத் திறந்து, பாதத்தைத் தரையில் ஊன்றி, அறையில் உள்ள பொருள்களின் பெயர்களைச் சத்தமாகச் சொல்லுங்கள். அடுத்த சில நாள்கள் உட்கார்ந்து செய்யும் தியானத்தை விட்டு நடையும் ஆசனமும் மட்டும் போதும். தூக்கம் கெட்டாலோ, குரல்கள் கேட்டாலோ, எதைப் பார்த்தாலும் தனக்கு அனுப்பப்பட்ட சகுனமாகத் தோன்றத் தொடங்கினாலோ, குறியையும் தியானத்தையும் உடனே நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். 'குண்டலினி எழுகிறது' என்று யாராவது பாராட்டினாலும் பாருங்கள்.

பார்த்த குறியை எழுதி வைப்பதால் என்ன பயன்?

பலித்தவை நினைவில் நிற்கும், பலிக்காதவை மறந்துபோகும். தேதி போட்டு, கேள்வி, வந்த சீட்டு, உங்களுக்குத் தோன்றியது, எடுத்த ஒரு செயல் என எழுதிவைத்துச் சில மாதம் கழித்துப் படித்தால் உண்மை தெரியும். அதைவிட முக்கியமாக, ஒரே கேள்வி வேறு வேறு உடையில் திரும்பத் திரும்ப வந்திருப்பது தெரியும். அந்தக் கேள்விக்குச் சீட்டு போதாது. நம்பிக்கையான ஒருவரிடம் உட்கார்ந்து பேச வேண்டியது அது.

மற்றவர்களுக்கும் பார்த்துச் சொல்லலாமா?

கேட்டால் மட்டும். நோய், மரணம், கர்ப்பம், வழக்கு, அடுத்தவர் துரோகம் ஆகியவற்றைப் பற்றி ஒருபோதும் சொல்லாதீர்கள். நீங்கள் விளக்கம் சொல்வதைவிட, 'இந்தப் படத்தில் உங்களுக்கு என்ன தெரிகிறது?' என்று கேட்பது அவருக்கு அதிக உதவி. பயமுறுத்திவிட்டுப் பரிகாரத்துக்குப் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் அவர் மோசடிக்காரர். அவரோடு வாதாட வேண்டியதில்லை, எழுந்து வந்துவிடலாம்.

நேரம் போதவில்லை. மூன்றில் எதை விடலாம்?

குறியை. பிறகும் நேரம் போதவில்லை என்றால் ஆசனத்தைப் பாதியாக்குங்கள். காய்ச்சலோடு படுத்திருக்கும் நாளில் ஆசனத்தையும் முழுவதுமாக விட்டுவிட்டு, வயிற்றின் மேல் ஒரு கையை வைத்து மூச்சை மட்டும் கவனியுங்கள். அதற்கு எழுந்து உட்காரக்கூட வேண்டியதில்லை.